ஆளில்லாத பாரிஷ்

அன்புள்ள ஐயாவுக்கு,

உங்கள் கடிதமும் அதோடு வைத்திருந்த வரைபட நகலும் கிடைத்தன. பேரனைப் பார்த்துக்கொள்ள மகள் வீட்டுக்குப் பூல் நகரம் போன இடத்தில், பழைய புத்தகக் கடையில் ஆர்டனன்ஸ் சர்வே வரைபடம் ஒன்றை வாங்கி, பூதக்கண்ணாடி வைத்து வரி வரியாகப் படித்திருக்கிறீர்கள். புள்ளிக் கோடுகளுக்கு நடுவே ‘ஆர்.டி.’, ‘சி.பி.’ என்று அச்சிட்டிருக்கிறதே, அது என்ன என்பது உங்கள் முதல் கேள்வி. தெற்கே கடலோரத்தில் டைன்ஹாம் என்று ஓர் ஊர்ப் பெயர் இருக்க, அந்த இடத்தின் மேலேயே ‘அபாயப் பகுதி’ என்று ஏன் போட்டிருக்கிறார்கள் என்பது இரண்டாவது. கடைசியில், ‘கலைத்துப்போட்ட ஒரு அலுவலகத்தின் எல்லையைத் தெரிந்து இனி யாருக்கு என்ன?’ என்றும் கேட்டிருக்கிறீர்கள். மூன்றையும் பிரித்துப் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. ஒன்றாகவே சொல்கிறேன்.

ஆர்.டி. என்றால் ரூரல் டிஸ்ட்ரிக்ட். சி.பி. என்றால் சிவில் பாரிஷ். உங்கள் வரைபடத்தில் இருப்பது டார்செட் கவுண்டியின் ‘வேர்ஹாம் அண்ட் பர்பெக் ரூரல் டிஸ்ட்ரிக்ட்’. 1894-ல் பிறந்து 1974 மார்ச் 31 நள்ளிரவோடு முடிந்துபோனது. எண்பது வருஷ ஆயுசு. நடுவில் இருக்கிற வேர்ஹாம் நகரம் அதில் சேராது. அதற்குத் தனி நகரசபை. கடலோர ஸ்வானேஜுக்கும் தனிக் கவுன்சில். இந்த இரண்டும் போக மிச்சமிருந்த கிராமங்கள்தான் இந்த டிஸ்ட்ரிக்ட்: கார்ஃப் காஸில், வொர்த் மட்ராவர்ஸ், லாங்டன் மட்ராவர்ஸ், ஸ்டட்லண்ட், கிம்மரிட்ஜ், ஸ்டீபிள், சர்ச் நோல், ஆர்ன், வூல், கிழக்கு லல்வர்த், டைன்ஹாம் என்று நீளும் வரிசை. ஒவ்வொன்றும் ஒரு பாரிஷ்.

பாரிஷ் என்பதை நம் கத்தோலிக்கர்கள் ‘பங்கு’ என்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த சொல் அது. ஒரு கோயில், அதற்கென்று ஒரு சாமியார், அதற்குக் கட்டுப்பட்ட குடும்பங்கள். இங்கிலாந்தில் இந்தக் கோயில் பங்கையே அரசாங்கம் எடுத்துத் தன் வேலைக்குப் பூட்டிக்கொண்டது. 1538-ல் தாமஸ் கிராம்வெல் போட்ட உத்தரவுப்படி ஒவ்வொரு பாரிஷும் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும். 1555-ல் வந்த சட்டம் சாலையைப் பாரிஷின் தலையில் கட்டியது. ஊர்க்காரர்கள் வருஷத்துக்கு நான்கு நாள் கூலியில்லாமல் மண் கொட்டிக் கல் பரப்ப வேண்டும்; சில வருஷத்தில் அது ஆறு நாளானது. 1601-ல் ஏழைகள் சட்டம் வந்தது. பாரிஷில் இருக்கும் கிழவர், விதவை, அநாதை, ஊனமுற்றவர் எல்லாருக்கும் பாரிஷே பொறுப்பு. வசதியுள்ளவர்களிடம் வரி தண்டி அவர்களுக்குக் கஞ்சி ஊற்ற வேண்டும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊர்ப் பணத்தில் சோறு போடுவதென்றால் யார் நம்மூர் என்ற கேள்வி வந்துவிடுமே. அதற்காகவே 1662-ல் குடியிருப்பு உரிமைச் சட்டம் ஒன்று வந்தது. அதை ‘செட்டில்மென்ட்’ என்பார்கள். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரே ஒரு பாரிஷ்தான் சொந்தம். நீங்கள் வேறு பாரிஷுக்குப் போய், வருஷத்துக்குப் பத்து பவுனுக்குக் குறைந்த வாடகை வீட்டில் குடியேறினால், நாளைக்கு இவன் நம் தலையில் விழுவான் என்று பயந்து நாற்பது நாளுக்குள் புகார் செய்து உங்களை உங்கள் பாரிஷுக்கே திருப்பி அனுப்பலாம். கல்யாணமான பெண்ணுக்குப் புருஷனுடைய பாரிஷ்தான் பாரிஷ். அவன் செத்த பிறகு, அவள் கண்ணால்கூடப் பார்த்திராத அவன் ஊருக்கு அவளை வண்டியில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். கல்யாணமாகாமல் பிறக்கும் குழந்தை எந்த மண்ணில் பிறக்கிறதோ அந்தப் பாரிஷின் பொறுப்பு. ஆகவே நிறைமாத கர்ப்பிணியைப் பிரசவத்துக்கு முன்னால் எல்லை தாண்டி விட்டுவிட ஊர் அதிகாரிகள் துடித்தார்கள். இப்படி ஆளை அனுப்பிய உத்தரவுத் தாள்கள் இங்கிலாந்தின் கவுண்டி ஆவணக் காப்பகங்களில் கட்டுக் கட்டாக இருக்கின்றன. உங்கள் வரைபடத்தின் புள்ளிக் கோடு ஒவ்வொன்றும் அப்படி யாரையோ தடுத்த கோடு, யாரையோ இழுத்துக்கொண்டு வந்து விட்ட கோடு.

1834-ல் பாரிஷ்களைச் சேர்த்து ‘யூனியன்’ ஆக்கி, ஒவ்வொரு யூனியனுக்கும் ஒரு வொர்க்ஹவுஸ் வைத்தார்கள். உதவி வேண்டுமா, உள்ளே வா. வந்தால் புருஷன் ஒரு கட்டு, பெண்டாட்டி ஒரு கட்டு, பிள்ளைகள் வேறு கட்டு. இந்த யூனியன் எல்லையைத்தான் 1872-ல் சுகாதார வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். 1894-ல் அதையே பெரும்பாலும் ரூரல் டிஸ்ட்ரிக்ட் ஆக்கினார்கள். கிராமத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்படும் டிஸ்ட்ரிக்ட் கவுன்சிலரே ஏழைகள் சட்டக் குழுவிலும் உட்காருவார். சாக்கடை பற்றி முடிவெடுத்த அதே ஆள், ஒரு விதவையை வொர்க்ஹவுஸில் சேர்ப்பதா வேண்டாமா என்றும் முடிவெடுத்தார். இருந்தாலும் 1894-ன் சட்டம் பெரிய சட்டம். பண்ணைக் கூலிக்காரன் தன் ஊர்க் காரியத்தில் கை தூக்கி வாக்களித்தது அந்த டிசம்பரில்தான். கல்யாணமான பெண்களும் அந்தத் தேர்தல்களில் வாக்களிக்கலாம், நிற்கலாம் என்று ஆனது. முந்நூறு பேருக்கு மேலிருந்தால் பாரிஷ் கவுன்சில்; அதற்குக் கீழே என்றால் ஊர்க் கூட்டம். நம் பக்கம் இதற்குப் பத்து வருஷம் முன்னாலேயே, 1884-ல், மெட்ராஸ் லோக்கல் போர்டு சட்டம் வந்துவிட்டது என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். தாலுகா போர்டும் யூனியனும் நம் தாத்தாக்களுக்குப் பழகிய வார்த்தைகள். இன்றைக்கும் பி.டி.ஓ.வைப் பார்க்க ‘யூனியன் ஆபீஸ்’ போகிறோம்.

இனி பர்பெக் பாரிஷ்களுக்கு வருகிறேன். எல்லாவற்றையும் சொல்ல இடமில்லை. மனசில் நிற்பவற்றை மட்டும்.

கார்ஃப் காஸிலை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். குன்றின்மேல் உடைந்த பல் போல நிற்கும் கோட்டை. உள்நாட்டுப் போரில் ராஜா பக்கம் நின்ற லேடி மேரி பேங்க்ஸ் 1643-ல் முற்றுகையைத் தாங்கி நின்றார். 1646-ல் உள்ளிருந்தவர் ஒருவர் காட்டிக்கொடுத்துக் கோட்டை விழுந்தது. பாராளுமன்றம் அதை வெடி வைத்துத் தகர்க்கச் சொன்னது. கீழே கிராமத்து வீடுகளில் அந்தக் கோட்டைக் கற்கள் இருக்கின்றன. எனக்குக் கோட்டையைவிட அந்த ஊரின் கல்தச்சர்கள்தான் முக்கியம். பர்பெக் மார்பிள் என்ற கல்லை அவர்கள் வெட்டினார்கள். உண்மையில் அது சலவைக்கல் இல்லை. நன்னீர் நத்தை ஓடுகள் கோடிக்கணக்கில் இறுகிப்போன சுண்ணாம்புக்கல். தேய்த்து மெருகேற்றினால் கண்ணாடி போலப் பளபளக்கும். சாலிஸ்பரி பேராலயத்தின் கரிய தூண்களைப் பாருங்கள், அந்தக் கல்தான். இந்தக் கல்தச்சர் சங்கம் இன்றும் தவக்காலத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை கார்ஃப் காஸிலில் கூடுகிறது. வெளியாள் சேர முடியாது. அப்பன் தொழில் பிள்ளைக்கு. புதிதாகச் சேரும் பையன் ஒரு ரொட்டியும் ஒரு குவளை பியரும் ஏந்தி உள்ளே வர வேண்டும். கல்லைத் துறைமுகத்துக்கு இழுத்துப்போக ஓவர் என்ற இடத்துப் பண்ணை நிலத்தின் வழியாகப் பாதை வேண்டும். அந்தப் பாதை உரிமைக்கு அவர்கள் கொடுத்த வாடகை ஒரு கால்பந்தும் ஒரு பவுண்டு மிளகும். மலையாளக் கரையில் கொடியில் காய்த்த மிளகு, எத்தனை கப்பல் மாறி, டார்செட் கல்தச்சனின் நடைபாதைக்கு வாடகையாகப் போயிருக்கிறது! இதைப் படித்த நாளில் எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

வொர்த் மட்ராவர்ஸ் கோயில் முற்றத்தில் பெஞ்சமின் ஜெஸ்டி என்ற விவசாயியின் கல்லறை இருக்கிறது. 1774-ல், பெரியம்மை பரவிய சமயம், மாட்டு மடியில் வரும் கொப்புளத்தின் நீரை எடுத்து, துணி தைக்கும் ஊசியால் தன் மனைவிக்கும் இரண்டு மகன்களுக்கும் கீறி ஏற்றியவர். எட்வர்ட் ஜென்னர் செய்ததற்கு இருபத்திரண்டு வருஷம் முந்தியது இது. படிப்பாளி இல்லை, பால்கறக்கும் பெண்களுக்குப் பெரியம்மை வருவதில்லை என்று பார்த்துப் பழகிய ஆள். அக்கம்பக்கத்தார் அவரைத் தூற்றினார்கள் என்பார்கள். அப்போது அவர் வடக்கு டார்செட்டில் இருந்தார். பிற்பாடுதான் வொர்த்துக்கு வந்து 1816-ல் இங்கே இறந்தார். அதே வொர்த்தில் 1940 முதல் 1942 வரை பிரிட்டனின் ராடார் ஆராய்ச்சி நடந்தது. பக்கத்து ஸ்டட்லண்ட் கடற்கரையில் 1944 ஏப்ரலில் நார்மண்டிப் படையெடுப்புக்கு ஒத்திகை பார்க்கையில் நீந்தும் டாங்கிகள் மூழ்கி ஆறு வீரர்கள் இறந்தார்கள். போர் இந்தச் சின்ன டிஸ்ட்ரிக்ட்டை ஒரு மூலை விடாமல் தொட்டது.

டைன்ஹாமைத் தொட்டது 1943-ல்.

வூல் பக்கத்திலுள்ள போவிங்டனில் முதல் உலகப் போரின்போதே டாங்கிப் படை வந்துவிட்டது. லல்வர்த்தில் சுடும் பயிற்சி. இரண்டாம் போரில் டாங்கி பெரிதாயிற்று, பீரங்கி நீண்டது, சுட இடம் போதவில்லை. 1943 நவம்பர் நடுவில் தபால் வந்தது. டிசம்பர் 19-க்குள் எல்லாரும் காலி செய்ய வேண்டும். டைன்ஹாமும் சுற்றுப் பண்ணைகளும் சேர்த்து சுமார் 225 பேர், 102 வீடுகள், 7,500 ஏக்கர். கையில் ஒரு மாசம். கிறிஸ்துமஸுக்கு ஆறு நாள் முன்னால் ஊர் காலி. போகிறபோது கோயில் கதவில் ஒரு துண்டுக் கடிதம் குத்தினார்கள்: போரை ஜெயிக்கத்தான் எங்கள் வீடுகளை விட்டுக்கொடுத்திருக்கிறோம், கோயிலையும் வீடுகளையும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், ஒருநாள் திரும்பி வருவோம் என்று சொன்ன கடிதம். திரும்பி வரலாம் என்ற நம்பிக்கையில்தான் அத்தனை பேரும் வண்டி ஏறினார்கள். அதனாலேயே யாரும் சண்டை போடவில்லை.

டைன்ஹாம் நிலமெல்லாம் பாண்ட் குடும்பத்துடையது. ஊர்க்காரர்கள் வாடகைக் குடிகள். ஆகவே நில நஷ்டஈடு பற்றிய பேச்சில் அவர்களுக்கு இடமே இல்லை. அவர்களுக்குக் கிடைத்தது கொல்லையில் பயிராகி நின்ற காய்கறிக்கான பணம். தலைமுறை தலைமுறையாக ஞானஸ்நானமும் அடக்கமும் எழுதி வந்த பதிவேடு ஒரு பக்கம். கொல்லைக் காய்கறிக்கு எழுதிய ரசீது ஒரு பக்கம். சட்டத்தின் கண்ணுக்கு ரசீதுதான் தெரிந்தது.

போர் முடிந்தது. ராணுவம் போகவில்லை. 1948-ல் அரசாங்கம் நிலத்தை நிரந்தரமாக எடுத்துக்கொள்வதென்று முடிவு செய்தது. அந்த 1948-ல்தான் இங்கிலாந்தில் ஏழைகள் சட்டத்தின் கடைசி மிச்சத்தையும் பாராளுமன்றம் நீக்கியது. ஐயா, இந்த இரண்டு தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏழையானால் உன்னைப் பிடித்து இழுத்து உன் பாரிஷிலேயே கொண்டுவந்து விடுவேன், வேறெங்கும் உனக்கு இடமில்லை என்று முந்நூறு வருஷம் போலச் சொல்லி வந்த அரசாங்கம் அது. அதே அரசாங்கம் டைன்ஹாம்காரர்களிடம், உன் பாரிஷைத் தவிர வேறெங்கு வேண்டுமானாலும் போய் இரு என்று சொன்னது. பாரிஷ் அவர்களைக் கட்டிப்போட்ட காலத்தில் அந்தக் கட்டுக்குச் சட்டத்தின் வலு இருந்தது. அவர்கள் பாரிஷைப் பிடித்துக்கொள்ள நினைத்தபோது சட்டம் கையை விரித்தது. இந்த அநியாயம்தான் என்னை அந்த எல்லைக் கோடுகளை விட்டு நகரவிடாமல் வைத்திருக்கிறது.

பிறகும் சிலர் விடவில்லை. 1968-ல் போராட்டக் குழு தொடங்கினார்கள். 1973-ல் நுஜென்ட் பிரபுவின் குழு லல்வர்த் சுடுகளத்தை விடுவிக்கலாம் என்று பரிந்துரைத்தது. அடுத்த வருஷம் அரசாங்கம் முடியாது என்றது. 1975 வாக்கில், சுடாத நாட்களில் மக்கள் நடந்து பார்க்கலாம் என்ற அளவுக்கு வழி விட்டார்கள். இதற்கிடையில் 1974-ல் ரூரல் டிஸ்ட்ரிக்ட்டே போய்விட்டது. வேர்ஹாம் நகரசபை, ஸ்வானேஜ், கிராமங்கள் மூன்றையும் சேர்த்து பர்பெக் டிஸ்ட்ரிக்ட் ஆக்கினார்கள். 2019-ல் அதையும் கலைத்து டார்செட் கவுன்சிலில் கரைத்தார்கள். மேலே இத்தனை பெயர்ப்பலகை மாறியும் கீழே பாரிஷ்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. பத்துப் பதினைந்து பேர் கூடிப் பேசும் பாரிஷ் கூட்டங்கள் இன்றும் நடக்கின்றன. டைன்ஹாம்கூடப் பெயரளவில் இருக்கிறது. மனுஷர் யாரும் குடியில்லாத பாரிஷாகப் பல வருஷம் பட்டியலில் நின்று, இப்போது பக்கத்து ஊரோடு சேர்ந்து ‘ஸ்டீபிள் வித் டைன்ஹாம்’ ஆகியிருக்கிறது.

டைன்ஹாமுக்கு நான் போனது ஒரு சனிக்கிழமை. மேட்டிலிருந்து வண்டி இறங்கும்போதே வொர்பேரோ வளைகுடா தெரியும். வீடுகளுக்குக் கூரையில்லை. அடுப்புக் கல்லும் ஜன்னல் ஓட்டையும் இருக்கின்றன. சுவருக்குள் மரம் வளர்ந்திருக்கிறது. கோயில் மட்டும் முழுசாக நிற்கிறது. எதிரில் பள்ளிக்கூடம். பிள்ளைகள் குறைந்துபோய் 1932-லேயே மூடிய பள்ளி அது. உள்ளே பழையபடி அடுக்கி வைத்திருக்கிறார்கள். சாய்ந்த மேசைகள், அவற்றின்மேல் இயற்கைப் பாடம் எழுதிய நோட்டுப் புத்தகங்கள். கதவோரச் சுவரில் கோட்டு மாட்டும் கொக்கிகள் வரிசையாக, இடுப்பு உயரத்தில். ஒவ்வொரு கொக்கிக்கும் பக்கத்தில் ஒரு பிள்ளையின் பெயர். எனக்குக் குனிந்துதான் படிக்க முடிந்தது. பின்னால் நின்ற ஓர் ஆங்கிலேயப் பாட்டி தன் பேத்தியைத் தூக்கி ஒரு கொக்கியில் அவளுடைய சிவப்புக் கோட்டை மாட்டிவிட்டு, கொஞ்ச நேரம் பார்த்திருந்து, மறுபடி எடுத்துப் போட்டுவிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை.

பழைய தபால் ஆபீஸுக்கு வெளியே வெள்ளை நிறத் தொலைபேசிக் கூண்டு ஒன்று நிற்கிறது. அது அசல் இல்லை. 1929-ல் வைத்த அசல் கூண்டு, 1985-ல் டோல்பட்டில் தியாகிகளைப் பற்றிய சினிமா எடுத்தபோது சேதமானதால், அதற்குப் பதில் வைத்தது இது. அதே டார்செட்டில், கூலி குறைந்ததைத் தட்டிக் கேட்கச் சங்கம் கூடியதற்காக 1834-ல் ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்ட ஆறு பண்ணைத் தொழிலாளிகள்தான் அந்தத் தியாகிகள். அவர்கள் மன்னிக்கப்பட்டு ஊர் திரும்பினார்கள். டைன்ஹாம்காரர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

‘இனி யாருக்கு என்ன’ என்று கேட்டீர்களே. அந்தக் கொக்கியில் பெயருள்ள பிள்ளைகளைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம், பாரிஷ் பதிவேடு என்று ஒன்று இருந்ததாலும், அந்தப் பாரிஷை ஒரு டிஸ்ட்ரிக்ட்டின் குமாஸ்தா தன் கணக்கில் விடாமல் எழுதி வந்ததாலும் தெரிவதுதான். ஊரை இடித்துவிடலாம். எழுதி வைத்த எல்லைக்குள் யார் யார் இருந்தார்கள் என்பதை இடிக்க முடியவில்லை.

நீங்கள் போவதாக எழுதியிருப்பதால் இரண்டு விஷயம். டைன்ஹாம் சாலை எல்லா நாளும் திறந்திருக்காது. பெரும்பாலான சனி, ஞாயிறுகளிலும் விடுமுறைகளிலும் திறப்பார்கள்; சுடும் நாட்களின் பட்டியலை ராணுவமே வெளியிடும், மகளிடம் சொல்லிப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். குறியிட்ட பாதையை விட்டு இறங்க வேண்டாம். வெடிக்காத குண்டுகள் இன்னும் மண்ணுக்குள் இருக்கின்றன. உழவும் உரமும் மருந்தும் இத்தனை வருஷமாகப் படாததால் அங்கே பட்டாம்பூச்சியும் காட்டுப்பூவும் ஏராளம்; பேரனுக்குக் காட்டுங்கள்.

இன்னொன்று. பூலிலிருந்து வேர்ஹாம் போகும் வழியில் சேண்ட்ஃபோர்டு என்ற ஊர் வரும். அங்கே பிரதான சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே, போருக்குப் பின் கட்டிய கவுன்சில் வீடுகள் உள்ள தெரு ஒன்று இருக்கிறது. ஊரை இழந்தவர்களில் பலர் அங்கேதான் வந்து சேர்ந்தார்கள். தண்ணீர்க் குழாயும் குளியலறையும் உள்ள வீடுகள். பழைய ஊரில் அவர்களுக்கு அது இருந்ததில்லை. அவசரமில்லையென்றால் மகளை அந்தத் திருப்பத்தில் வண்டியை ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்லுங்கள். தெருமுனைப் பலகையில் ‘டைன்ஹாம் குளோஸ்’ என்று எழுதியிருக்கும்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்